இளையோரின் இதயமும் தைரொயிட் சுரப்பியும்

இதய நோய் என்றவுடன் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். தைரொயிட் என்றதும் கழுத்தில் தோன்றும் கட்டிதான் நினைவுக்கு வருகிறது. கழுத்திலுள்ள அச்சுரப்பி சோர்ந்துபோவதால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் இதயமும் சோர்ந்துபோகக்கூடும் என்பதை நம்மில் அநேகர் அறிந்திருக்கவில்லை. அறியாமையால் வரும் நட்டம் பெரியது. ஏனெனில் இது கண்டுபிடிக்க இலகுவானது, குணப்படுத்தவும் இலகுவானது. இருந்தும் சில பிள்ளைகள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், சோம்பேறி என்ற பெயரைச் சுமந்துகொண்டு வீட்டில் இருக்கிறார்கள்.

நான் வைத்தியனல்லன். அரசாங்க சேவையில் எழுதுவினைஞனாக இருந்து, கோவைகளோடு காலங்கழித்து ஓய்வுபெற்றவன். வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் வாசித்தறிந்ததையும் நமது அடியார்களுக்கு விளங்கும் விதத்தில் எழுத முயல்கிறேன்.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பதே தைரொயிட் சுரப்பி. வளர்ந்தவர்களில் அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். உணவிலிருந்து கிடைக்கும் அயடீனைக் கொண்டு அது தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குகிறது. நான்கு அயடீன் அணுக்கள் கொண்டதால் அதனை ரீ 4 என்பர். உடலுக்குள் சென்ற பின் அதிலிருந்து ஓர் அயடீன் அணு கழன்று ரீ 3 ஆக மாறுகிறது. உண்மையில் வேலை செய்வது இந்த ரீ 3 தான். உடற்சூடு, சமிபாடு, வளர்ச்சி, மூளையின் சுறுசுறுப்பு, இதயத்தின் துடிப்பு யாவும் இதன் அளவைப் பொறுத்தவை.

இச்சுரப்பியை மேற்பார்வை செய்வது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. அதனைத் தலைமைக் காரியாலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைரொட்சின் குறைந்தால் அங்கிருந்து ஒரு ஞாபகமூட்டற் கடிதம் புறப்படும். அக்கடிதத்தின் பெயர்தான் ரீ.எஸ்.எச். கிளைக் காரியாலயம் வேலை செய்யாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது ஞாபகமூட்டல் என்று கடிதங்கள் குவியும். என்னைப் போன்றோருக்கு இது பழகிப்போன சங்கதி. ஆகவே இரத்தப் பரிசோதனையில் ரீ.எஸ்.எச். அளவு கூடியிருந்தால், சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறது என்று பொருளல்ல. வேலை செய்யவில்லை என்பதே பொருள். இதனைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு பயப்படுவோரும், பயப்படாமல் விட்டுவிடுவோரும் உண்டு. பொதுவாக 0.4 முதல் 4 வரையான அளவைச் சாதாரணமாகக் கொள்வர். எனினும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறு வேறுபாடு உண்டு. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு வேறு.

இனி இதயத்துக்கு வருவோம்.

இதயத் தசை தனக்கு வேண்டிய ரீ 3 ஓமோனைத் தானே பெரிதாக ஆக்கிக்கொள்வதில்லை. இரத்தத்தில் வந்து சேர்வதையே நம்பியிருக்கிறது. ஆகவே சுரப்பி சோர்ந்தால் அதன் விளைவை முதலில் உணரும் உறுப்புகளில் இதயமும் ஒன்று. நாடித்துடிப்பு மெதுவாகிறது. ஓய்வாக இருக்கும் இளைஞர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கவேண்டிய துடிப்பு 55, 50 என்று இறங்கலாம். (நன்றாக ஓடிப் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கும் நாடி மெதுவாகத்தான் இருக்கும். அது பயிற்சியின் பலன். அவர்கள் ஓடினால் களைக்கமாட்டார்கள். நாம் சொல்லும் பிள்ளை படியேறினாலே களைத்துவிடும்.)

இதயத்தின் வேலை சுருங்குவது மாத்திரம் என்று நாம் எண்ணுகிறோம். விரிவதும் வேலைதான். ஒவ்வொரு துடிப்பின் பின்னும் தசை தளர்ந்து விரிந்தால்தான் அடுத்த தடவைக்கான இரத்தம் வந்து நிரம்பும். தசை தளர்வதற்கு, சுருக்கத்தின்போது வெளிவந்த கல்சியத்தை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு பம்பி இதயக் கலங்களுக்குள் இருக்கிறது. அந்தப் பம்பியை ஆக்கும்படி உத்தரவிடுவது ரீ 3. உத்தரவு குறைந்தால் பம்பிகள் குறையும். இதயம் விரிவதற்குத் தாமதிக்கும். நிரம்பும் இரத்தம் குறையும். தைரொயிட் குறைபாட்டில் இதயத்தில் முதன்முதலாகக் காணப்படும் மாற்றம் பெரும்பாலும் இதுவே. அமர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் நடக்கும்போது, தண்ணீர் வாளி தூக்கும்போது, மைதானத்தில் ஓடும்போதுதான் தெரியும். கடுமையான குறைபாட்டில் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு 30 முதல் 50 வீதம் வரை குறைந்துபோகலாம்.

அத்துடன் இரத்தக் குழாய்களும் இறுகுகின்றன. ரீ 3 போதியளவு இருக்கும்போது சிறு குழாய்கள் தளர்ந்து கொடுக்கும். அது குறைந்தால் தளர்ச்சி குறைந்து, இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு உயரும். இருபது வயதுப் பிள்ளைக்குக் கீழ் அளவு 95 என்றால் உப்பைக் குறை என்று சொல்வதோடு நின்றுவிடாமல் தைரொயிட்டையும் பார்க்கவேண்டும். ஈரல் இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்திரோலை அகற்றும் வேகமும் குறைவதால், மெலிந்த, எண்ணெய்ப் பலகாரம் அதிகம் உண்ணாத பிள்ளையிடத்திலும் கொலஸ்திரோல் கூடியிருப்பதுண்டு. நாட்பட்டால் இதயத்தைச் சூழ்ந்துள்ள உறைக்குள் நீர் சேரலாம். அது மெதுவாகச் சேர்வதால் உடனடி ஆபத்து விளைவிப்பது அரிது என்றாலும், எக்ஸ்ரே படத்தில் இதயம் பெருத்துத் தோன்றும். ஈ.சீ.ஜீ. வரைபடத்தில் கோடுகள் உயரம் குன்றித் தெரியும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு அச்சமடைய வேண்டியதில்லை. 1918ஆம் ஆண்டில் ஹெர்மன் ஸொண்டெக் என்ற ஜேர்மன் வைத்தியர் இத்தகைய நோயாளர்களின் இதயத்தை ஆராய்ந்து எழுதினார். பெருத்த இதயம், மெதுவான நாடி, குன்றிய ஈ.சீ.ஜீ. கோடுகள் ஆகிய மூன்றையும் அவர் கண்டார். அதைவிட முக்கியமாக, தைரொயிட் சாரத்தை மருந்தாகக் கொடுத்ததும் இதயம் தன் பழைய அளவுக்குத் திரும்பியதையும் கண்டார். அதற்கு முன்பே, 1891இல், இங்கிலாந்தில் ஜோர்ஜ் மறே என்ற வைத்தியர் செம்மறியாட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாரத்தை ஒரு பெண்மணிக்கு ஏற்றினார். கைவிடப்பட்டவராகக் கருதப்பட்ட அப்பெண்மணி மேலும் 28 வருடங்கள் வாழ்ந்தார். இதய நோய்களுள் மருந்தால் முற்றாகத் திரும்பக்கூடியவை சிலவே. இது அவற்றுள் ஒன்று. இளம் வயதில் கண்டுபிடித்தால் இதயத்தில் வடு எதுவும் எஞ்சாமல் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

கண்டுபிடிப்பதில்தான் தாமதம். எமது அயலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்; யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியுள்ளேன். உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. அதன்பின் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம். மத்தியான வெயிலிலும் சுவெட்டர். குறைவாகச் சாப்பிட்டும் உடம்பு வைத்தது. முகம் ஊதியது, குரல் கரகரத்தது, தலைமுடி கொத்தாகக் கொட்டியது. மாதவிலக்கு அளவுக்கு மிஞ்சிப் போனதை வெட்கத்தால் யாருக்கும் சொல்லவில்லை. தாய்க்குப் பிள்ளை போனைப் பார்த்து விழித்திருக்கிறாள் என்ற சந்தேகம். அம்மாயிக்கு இது நாவூறு என்பதில் சந்தேகமேயில்லை. நூல் கட்டினார், உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். ஒரு வைத்தியர் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும் விற்றமினும் எழுதிக் கொடுத்தார். அதில் பொய்யில்லை, இரத்தம் குறைவுதான். ஆனால் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியை. முன்பு வலைப்பந்து விளையாடிய பிள்ளை மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குவதைக் கண்டு, மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். 50. அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. கண்டியில் ஈ.சீ.ஜீ., எக்கோ பரிசோதனை, இரத்தப் பரிசோதனை. ரீ.எஸ்.எச். 100க்கு மேல். இதய உறைக்குள் சிறிதளவு நீர். தைரொட்சின் குளிசை ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் சுவெட்டரைக் கழற்றினாள். நாடி 70ஐத் தாண்டச் சில மாதங்கள் சென்றன; நீரும் வற்றியது. அம்மாயி இன்றும் நூலின் பலன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். குளிசையை நிறுத்தச் சொல்லாதவரைக்கும் நான் அவருடன் வாதாடப் போவதில்லை.

சிறு பிள்ளைகளில் அறிகுறி வேறு விதமாகவும் இருக்கும். வளர்த்தி நின்றுவிடும். வருடந்தோறும் சப்பாத்து மாற்ற வேண்டிய பிள்ளைக்குப் பழைய சப்பாத்தே போதுமாக இருந்தால், செலவு மிச்சம் என்று சந்தோஷப்படாமல் உயரத்தை அளந்து பாருங்கள். மலச்சிக்கல், வறண்ட தோல், படிப்பில் திடீர்ப் பின்னடைவு ஆகியவற்றையும் கவனிக்கவேண்டும்.

இலங்கையின் மழை மிகுந்த பகுதிகளுக்குத் தைரொயிட் நோய் புதிதல்ல. சிங்கள அயலவர்கள் கலகண்ட என்று சொல்லும் கழுத்துக் கழலையை எமது சிறுவயதில் சந்தையிலும் தோட்டத்திலும் சாதாரணமாகக் கண்டோம். மகாதேவா, சண்முகநாதன் ஆகியோர் இலங்கையில் கழலைப் பிரச்சினை பற்றி 1967இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். 1986, 87ஆம் ஆண்டுகளில் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட கணிப்பில் 18.8 வீதமானோருக்குக் கழலை காணப்பட்டது. நூற்றுக்குப் பத்தொன்பது பேர். அடைமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்வது ஒரு காரணம். இருக்கின்ற அயடீனும் களிமண்ணிலும் உக்கலிலும் சிக்கிப் பயிருக்குக் கிடைக்காமற் போவதுண்டு என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியலாளர் பேராசிரியர் சீ.பீ. திசாநாயக்கவும் அவரைச் சேர்ந்தோரும் எடுத்துக்காட்டினர்.

1995 முதல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. பலன் கிடைத்தது. 2000, 2001இல் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தபோது பொதுவாக அயடீன் போதியளவு இருப்பதாகவே தெரிந்தது. ஆயினும் கழலை 20.9 வீதமானோருக்கு இருந்தது. அயடீன் கிடைத்தும் கழலை ஏன் உடனே மறையவில்லை? பழைய கழலை வற்றக் காலம் எடுக்கும் என்பது ஒரு விடை. இன்னொன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இலங்கைப் பாடசாலை மாணவிகள் பலரது இரத்தத்தில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டியது. நோய்க்கிருமியைத் தாக்கவேண்டிய உடலின் காவற்படை, சொந்தச் சுரப்பியையே அந்நியன் என்று எண்ணித் தாக்குகிறது. 1912இல் இதை முதலில் விபரித்த ஜப்பானிய வைத்தியரின் பெயரால் இந்நோய் ஹஷிமொட்டோ எனப்படுகிறது. அயடீன் போதியளவு கிடைக்கும் நாடுகளில் இளையோரின் தைரொயிட் குறைபாட்டுக்கு முதற்காரணம் இதுவே. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளில் பன்மடங்கு அதிகம். குடும்பத்திலும் தொடர்ந்து வரும். தாய்க்கோ பெரியம்மாவுக்கோ தைரொயிட் இருந்தால் மகளைக் கவனிப்பது நல்லது.

ஆகவே உப்பை அள்ளிப் போட்டால் இந்நோய் மாறிவிடும் என்று நினைக்கக்கூடாது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்கிரோகிராம், கர்ப்பிணிக்கு 250. சாதாரண சமையலில் அயடீன் உப்பைப் பாவித்தால் அது பெருமளவுக்குக் கிடைத்துவிடும். ஆனால் நம் வீடுகளில் கல்லுப்பை வாங்கி, அழுக்கு என்று கழுவி, அடுப்புக்கு மேலே திறந்த சிரட்டையில் வைக்கும் வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. கழுவும் நீரோடு அயடீனும் போய்விடும். எஞ்சியது சூட்டில் போகும். மூடியுள்ள போத்தலில் வைத்து, கறி இறக்கும் தறுவாயில் சேர்ப்பதே முறை. அன்னதானச் சமையலுக்குப் பொறுப்பானவர்களும் இதைக் கவனத்திற் கொள்வார்களாக. கோவாவும் மரவள்ளியும் தைரொயிட்டுக்கு நஞ்சு என்று சொல்வார்கள். அயடீன் போதியளவு உண்பவர் அவற்றை அவித்து அளவாக உண்பதால் கெடுதியில்லை.

பிறக்கும்போதே இக்குறைபாட்டுடன் வரும் குழந்தைகளும் உண்டு. உலக அளவில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று. அவர்களிடையே பிறவி இதயக் கோளாறும் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல். குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் திட்டம் 2010இல் தென் மாகாணத்தில் ஆரம்பித்துப் பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் விரிவடைந்தது. பிஞ்சுக் காலில் ஊசி குத்துகிறார்களே என்று தாய்மார் மறுக்கவேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளையும் இதயமும் தப்பும்.

களைப்பெல்லாம் தைரொயிட் அல்ல. ஆனால் களைப்போடு குளிர் தாங்காமை, மெதுவான நாடி, முகவீக்கம், அதிக மாதவிலக்கு என்று இரண்டு மூன்று சேர்ந்திருந்தால், வைத்தியரிடம் தைரொயிட் பார்க்கவேண்டுமா என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் இருந்தால் பரிசோதனைத் துண்டுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

மருந்து ஒரு சிறு குளிசைதான். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரும் உணவும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள் இதனை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மேலே சொன்ன பிள்ளைக்கும் இதைத்தான் முதலில் திருத்தவேண்டியிருந்தது. அளவைச் சரிபார்க்க ஆறு முதல் எட்டு வாரங்களின் பின் மீண்டும் இரத்தம் பார்ப்பர். மெலியலாம் என்று எண்ணி ஒன்றுக்கு இரண்டாக விழுங்கும் இளம்பெண்கள் இருக்கிறார்கள். அது மறுபக்க ஆபத்து: இதயம் படபடத்து, தாளந்தப்பித் துடிக்கத் தொடங்கும், எலும்பும் தேயும்.

விரத காலங்களில் குளிசையை நிறுத்துவோர் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதார கௌரி விரதத்துக்கு இருபத்தொரு நாள் என்று சிலர் மருந்தையும் சேர்த்தே விடுகின்றனர். உடலிலுள்ள தைரொட்சின் ஏறக்குறைய ஏழு நாளில் பாதியாகக் குறையும். ஒரு நாள் மறந்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நிறுத்தியவர்களுக்குத் துணிவு வருகிறது. இருபத்தொரு நாளில் எட்டில் ஒரு பங்குதான் எஞ்சும். அந்த நிலையில் வெறும் வயிற்றோடு காவடி எடுக்கும் இளைஞனின் இதயத்தை எண்ணிப் பாருங்கள். எமது ஆலயக் குருக்களிடம் கேட்டபோது, மருந்து உணவாகாது, அதற்கான ஒரு மிடறு நீரும் விரதத்தைக் கெடுக்காது என்றார். பகலில் நீரும் அருந்தாதிருக்கும் உறுதியுள்ளவர்கள், இரவு உணவுக்கு மூன்று மணி நேரத்தின் பின் படுக்கும் வேளையில் குளிசையை எடுக்கலாமா என்று, விரதம் தொடங்கும் முன்னரே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம். கிளினிக் கொப்பியையும் மறவாமல் கொண்டு செல்லவும்.